திறக்காமல் இறங்கிய பெட்டி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் 'பளிச் அக்கா' என்று பெயர். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளையும் வடிகட்டித் தாள்களையும் கழுவிக் கொடுப்பதுதான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அவள் கழுவியதில் ஒரு தூசியைக் காட்டிவிட்டால் நான் காதை அறுத்துக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவள் மேல் பழி விழுந்தது. மேல்காற்றில் உள்ள தூசியைப் பிடித்து வர, பெட்டியில் வைத்து உயரப் பறக்கும் பலூனில் அனுப்பி, அங்கே திறந்து மூடி இறக்கிய தாள்களில் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. அவ்வளவு உயரத்தில் அலுமினியம் எங்கிருந்து வரும்? கழுவியதில்தான் கோளாறு என்றார் ஆய்வுக்கூடத் தலைவி. அவள் டிபன் டப்பாவை மாற்றினாள், வளையலைக் கழற்றினாள், குழாயைக்கூட மாற்றச் சொன்னாள். மூன்று தடவை பலூன் போனது. மூன்று தடவையும் அதே தூள். இனிமேல் வேறு ஆளை வைத்துக் கழுவலாம் என்று பேச்சு அடிபட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது பலூனுக்கு முதல் நாள் நேரே தலைவியின் அறையில் போய் நின்றாள்.

"நான் கழுவுன தாள் ரெண்டு அனுப்புங்க மேடம். ஒண்ணோட பெட்டி மேல போய்த் திறக்கட்டும். இன்னொண்ணு திறக்கவே வேண்டாம், அப்படியே இறங்கட்டும். அதுலயும் தூள் இருந்தா நானே போயிடறேன்."

தலைவிக்கு முகம் சுண்டிப்போனது. ஒப்பிட்டுப் பார்க்கத் திறக்காத தாள் ஒன்றைக் கூடவே அனுப்புவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அதை விட்டுத் தொலைத்தவர் அவர்தான்.

நான்கு நாளில் முடிவு வந்தது. திறக்காத பெட்டியின் தாள் சுத்தம். திறந்ததில் தூள். இன்டர்நெட் கொடுக்கவென்று ஆயிரக்கணக்கில் தாழச் சுற்றும் சாட்டிலைட்டுகளுக்கு ஆயுள் ஐந்தாறு வருடம்தான்; அப்புறம் விழுந்து எரிந்து இல்லாமலே போய்விடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகும்? அவற்றின் அலுமினியம்தான் எரிந்து தூளாக மேலேயே மிதக்கிறது. ஓசோனுக்கே கேடு வரலாம் என்று விளக்கிய தலைவி, அவளிடம் மன்னிப்பும் கேட்டார்.

கேபிள் போகாத மலையூரில் நர்ஸாக இருக்கும் மகள் சாயங்காலம் வீடியோவில் வந்தாள். அங்கே இருப்பதும் சாட்டிலைட் இன்டர்நெட்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவின் வேலைக்கு இனி ஆபத்தில்லையே என்று விசாரித்தாள்.

"இல்லடி. அழுக்கு மேலதான் இருக்குன்னு அந்தம்மா சொன்னதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவங்க கண்ணு கலங்குது, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அந்தச் சாட்டிலைட் தயவில் மகளின் முகம் திரையில் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.