கறை என்று ஒதுக்கிய படங்கள்

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இதைப் படித்தால் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். சொல்லட்டும்.

திருப்பூரில் குழந்தைகளின் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் சேம்பிள் ரூம் என் பொறுப்பு. ஆர்டர் பிடிக்க மாதிரி உடுப்பு தைத்துக் காட்டுகிற இடம் அது. பெரும்பாலும் பையர், அதாவது எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் டிசைனைத்தான் தைப்போம். வேலை குறைந்த நாட்களில் எங்கள் ஆட்களே கழுத்தை மாற்றி, பட்டனை நகர்த்தி, புதிதாக எதையாவது தைப்பார்கள். அதில் பலவற்றுக்கு ஆர்டரும் வந்திருக்கிறது.

எங்கள் பெரிய பையர் கம்பெனியில் புதிதாக ஓர் அம்மாள் பொறுப்புக்கு வந்தார். சொந்தமாக டிசைன் செய்கிறவர்களோடு மட்டும்தான் இனி வியாபாரம், நேரில் வந்து பார்ப்பேன் என்று மெயில் போட்டுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பம். கெட்ட செய்தியைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார். இந்தப் பையர் போனால் சேம்பிள் ரூமை மூடிவிட்டு, மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் செய்து பிழைக்க வேண்டியதுதான் என்றார்.

எங்கள் டிசைன் என்று எடுத்துக்காட்ட உடுப்பு எதுவும் கையில் இல்லை. நாங்களாக யோசித்துத் தைத்த முதல் பீஸை, எங்களில் யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். மிஞ்சியது படங்கள்தான். பழைய போன்கள், கம்ப்யூட்டர்கள், வாட்ஸ்அப் குரூப்கள் என்று வருடக்கணக்காகக் குவிந்து கிடந்தன. பெயரும் கிடையாது, வரிசையும் கிடையாது. வெளியாள் வைத்துப் பிரித்தால் மாதக்கணக்கில் இழுக்குமாம். ஏஐ-யை வைத்து நானே செய்கிறேன் என்றேன். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே செய்து முடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

படங்களையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, கழுத்து, கை, பிரிண்ட் வாரியாகப் பிரி, கறையோ ஓட்டையோ இருந்தால் தனியாக ஒதுக்கு என்று ஏஐ-க்கு எழுதிக் கொடுத்தேன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதி முடிந்திருந்தது. தோளில் பட்டன் வைத்த பாபா சூட் என்று கேட்டால் அத்தனையும் வந்து நின்றன. தலைகால் புரியாமல் முதலாளியிடம் ஓடினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் செரிங்க. இதுல நம்முளுது எது, பையருது எது?"

யார் யோசித்தது என்பதைப் படத்தைப் பார்த்து எந்த மெஷின் சொல்லும்?

எரிச்சலில், வேண்டாத படங்களையாவது அழிப்போம் என்று 'கறை' ஃபோல்டரைத் திறந்தேன். எண்ணெய்க் கறை பட்டவை கொஞ்சம் இருந்தன. மற்றதெல்லாம் நல்ல உடுப்புகள். கீழ் மடிப்பின் மூலையில் மட்டும் மஞ்சள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. குழந்தைக்குப் போகிற புது உடுப்பு என்று முதல் பீஸின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் நாங்கள் படம் எடுப்போம். அதைப் போய்க் கறை என்கிறதே என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டும்போதே கை நின்றுவிட்டது. பையர் கொடுத்த டிசைனுக்கு நாங்கள் ஒருநாளும் மஞ்சள் வைத்ததில்லை.

நாலைந்து படங்களைக் காட்டி, இது கறையல்ல, மஞ்சள். இப்படி இருப்பதையெல்லாம் தேதி வாரியாக எடு என்றேன். எண்ணெய்க் கறையை விட்டுவிட்டு மற்றதைப் பாங்காக அடுக்கிக் கொடுத்தது. இவ்வளவா செய்திருக்கிறோம் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. சந்தோஷத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் ஒரு டீ சொன்னேன்.

அந்த அம்மாள் வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, இது எங்கள் கடைகளில் நன்றாக விற்றதாயிற்றே, எங்கள் டிசைன் அல்லவா என்றார். படம் எடுத்த தேதியைக் காட்டினேன். அவர்கள் ஆர்டர் போடுவதற்கு வெகுகாலம் முந்தியது. அவர் தன் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சரிபார்த்துக்கொண்டார். அடுத்த சீசனுக்கு இந்த ரூமிலிருந்தே டிசைன் வரட்டும் என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு, இதையெல்லாம் செய்த டிசைனர் யார் என்று கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங் கண்ணு."

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். அன்றைக்கு வரவில்லை. டெய்லர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைக் கைகாட்டி, "நாங்கதானுங்க, நாங்க எல்லாருந்தான்" என்றேன்.