அடித்தேன் என்று எழுதியவர்

ஓய்வு பெற்ற கல்வி உத்தியோகத்தர்களை அரசாங்கம் முற்றாகக் கைவிடுவதில்லை. ஒழுக்காற்று விசாரணைகளை நடத்துவதற்கென ஒரு பட்டியலில் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஓர் ஆசிரியர்மேல் முறைப்பாடு வந்தால் பட்டியலில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் வரும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். எனக்கு வந்தவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை பிள்ளைகளுக்கு அடித்த வழக்குகள்.

இந்தக் கோப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்கள், எங்கள் குடாநாட்டில் எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் ஒருபோதும் அடித்ததில்லை என்ற முடிவுக்கே வருவார்கள். பிரம்பு கைதவறும். கோடு போடும் அடிமட்டம் வழுக்கும். பிள்ளை எதிர்பாராத விதமாகத் திரும்பும். 'அன்புடன் கண்டித்தேன்' என்று எழுதிய ஒருவரின் மாணவனுக்கு முதுகில் நான்கு தழும்புகள் இருந்தன. வகுப்பறையிலும் வீட்டிலும் இதற்கு எங்களிடம் தாராளமான சொல்வளம் உண்டு: குட்டினார், நுள்ளினார், சாத்தினார், வெளுத்தார், ரெண்டு போட்டார். விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கியதும் அத்தனையும் மறந்துவிடும்.

முந்திய காலத்தில் இந்த வெட்கம் இருக்கவில்லை. நான் படித்தது மிஷன்காரர் தொடக்கிய பள்ளிக்கூடம். அங்கே பிரம்பு அதிபரின் அலுமாரிக்குள், வேதப் புத்தகம் இருந்த அதே தட்டில் இருந்தது. அடிக்கும் உரிமை அதிபருக்கும் அவர் எழுத்தில் அனுமதித்தவர்களுக்கும் மட்டுமே. யாருக்கு, எதற்காக, எத்தனை அடி என்பதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. எங்கள் வகுப்பில் விழுந்த அடிகளைப் பதிவதென்றால் அதற்குத் தனியாக ஓர் எழுதுவினைஞர் தேவைப்பட்டிருப்பார். பின்னர் சுற்றறிக்கை வந்தது, அடிக்கவே கூடாது என்று. பிரம்புகள் அலுமாரியை விட்டுப் போயின. அவற்றின் இடத்தில் அடிமட்டம் வந்தது. அடிமட்டம் கற்பித்தல் உபகரணம் என்பதால் அதை எவரும் கேள்வி கேட்க முடியாது.

சாவகச்சேரிக்கு நான் போன அந்த வழக்கிலும் அடிமட்டம்தான். அந்தத் தென்மராட்சிப் பகுதியில் ஒரு பாடசாலை. கணித ஆசிரியருக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் இடது கை வீங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் ஒரு தாதி அதைக் கண்டு, எங்கே அறிவிக்க வேண்டுமோ அங்கே அறிவித்துவிட்டார். குற்றம் நிரூபணமானால் சம்பள ஏற்றம் நிறுத்தப்படலாம், தூரத்துக்கு இடமாற்றம் வரலாம், கட்டாய ஓய்வும் கொடுக்கலாம். முப்பது வருட சேவைக்குப் பிறகு ஓய்வூதியக் கோப்பு எந்த மேசையில் படுத்துக் கிடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த மனிதருக்கு இவை எல்லாம் தெரியும். நாற்காலியின் விளிம்பில் இருந்தார்.

அவர் பக்கத்தில் ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர், அவருக்காக வாதாட வந்தவர். விளக்கக் கடிதம் அவருடைய கைவண்ணம்: 'மாணவர்களின் கவனத்தை ஈர்க்கும் பொருட்டு அடிமட்டத்தால் மேசையில் தட்டிய வேளை, மேற்படி மாணவியின் கை தற்செயலாக இடையில் வந்தது.' நல்ல வசனம். கையே வந்து குற்றம் செய்திருக்கிறது.

முதலில் பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டேன். மேசன் வேலை செய்பவர். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார், நகக்கண்ணில் சீமெந்து.

"சேர், நான் முறைப்பாடு குடுக்கேல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கோ. வாத்தியாரிலை எனக்கு ஒரு கோவமுமில்லை."

"பிள்ளையின்ரை கை வீங்கினதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். ரெண்டு போட்டிருப்பார். அதுக்கென்ன? பள்ளிக்கூடத்திலை விடேக்கை நானே சொன்னனான், படிக்காட்டி அடியுங்கோ எண்டு. நாங்கள் வாங்கினதிலை காவாசியும் இல்லை உது."

சங்கத்துக்காரரின் முகம் மலர்ந்தது. நான் அதையும் எழுதிக்கொண்டேன். தகப்பன் அனுமதி கொடுத்தது சுற்றறிக்கைக்குப் பொருட்டல்ல. ஆனால் முறைப்பாட்டாளர் இல்லாத வழக்கு, சாட்சி சொல்லும் பிள்ளையும் மழுப்பினால், 'போதிய சான்றில்லை' என்று நான்கு வரியில் முடியும். அப்படி நான் பலவற்றை முடித்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரியாலையில் உள்ள என் வீட்டுக்குப் போய்விடலாம்.

பிள்ளை தகப்பன் பக்கத்தில் வந்து நின்றாள். புத்தகப் பையைக் கழற்றவில்லை.

"சேர் அடிச்சவரோ?"

தகப்பனைப் பார்த்தாள். "மேசையிலை தட்டினவர்."

"உம்முடைய கை?"

"இடையிலை வந்திட்டுது."

சங்கத்துக்காரரின் வசனத்தை அவர் எழுதியதைவிட அழகாகச் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விசாரணை நீளும். கடைசிக் கேள்வி மட்டும் மிச்சம். ஒவ்வொரு சாட்சியிடமும் கேட்க வேண்டும் என்பது முறை, எல்லோரும் இல்லை என்று சொல்வதும் முறை: வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?

"ஓம்," என்றாள்.

பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"நான் கணக்குச் செய்தனான், சேர். ரியூசன் கொப்பியிலை செய்தனான். பேந்து பள்ளிக்கூடக் கொப்பியிலை வடிவாய் எழுதுவம் எண்டு இருந்தனான், நேரம் காணாமல் போச்சு. சேர் கேக்கேக்கை இதை எடுக்கத்தான் குனிஞ்சனான்."

எங்கள் பிள்ளைகள் ஒரே பாடத்தை இரண்டு தடவை படிக்கிறார்கள், பின்னேரம் ரியூசனில், காலையில் பள்ளிக்கூடத்தில். இரண்டுக்கும் வேறு வேறு கொப்பி. பள்ளிக்கூடக் கொப்பி வெறுமையாய் இருந்ததை ஆசிரியர் கண்டார். பிள்ளை குனிந்ததை, கேட்ட கேள்விக்கு முகம் திருப்பியதாக எடுத்துக்கொண்டார்.

"அதைத் தாருங்கோ பாப்பம்," என்றார் ஆசிரியர். அன்று காலை அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

சான்றாக வைக்கப்பட்ட பொருளைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பார்வையிடலாம். கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, விசாரணை மேசையில் இருக்கிறோம் என்பதையும் மறந்து, பன்னிரண்டு கணக்கையும் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஒன்பதாவது பிழை," என்றார்.

பிள்ளை மேசையைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். "ஓம் சேர். எண்ணுக்கு முன்னாலை கழித்தல் கோடு, சய அடையாளம், விட்டிட்டன்."

"மற்றதெல்லாம் சரி." கொப்பியை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் இந்தப் பிள்ளைக்கு அடிச்சனான். கை இடையிலை வரேல்லை. எழுதுங்கோ."

சங்கத்துக்காரர் பாய்ந்து எழும்பினார். "சேர், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். இவருக்குக் காலமையிலை இருந்து பிறசர் ஏறிக் கிடக்கு."

பத்து நிமிடம் ஒத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஒத்திவைத்தேன். அறையில் தனியே இருந்து கொப்பியைப் புரட்டினேன். நிர்வாகத்துக்கு வருவதற்கு முன் நானும் ஆறு வருடம் படிப்பித்தவன். பூவரசங்கம்பு முறித்து வர ஒருவனை அனுப்புவேன், அடி வாங்கப் போகிறவனையே. அதை அப்போது நகைச்சுவை என்று நினைத்திருந்தேன். எத்தனை பேருக்கு அடித்தேன் என்பது ஞாபகமில்லை. எவனுடைய பையையும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெளியில் சத்தம் கேட்டது. தகப்பன்தான்.

"என்ன வேலை பாத்தனீங்கள், வாத்தியார்? எல்லாம் சரியாய்ப் போய்க்கொண்டிருந்தது. இனி ஊர் என்னெண்டு கதைக்கும்? என்ரை பிள்ளையாலை உங்கடை பென்சன் போச்சுதெண்டெல்லோ கதைக்கும்."

"உங்கடை பிள்ளையாலை இல்லை."

"நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம்."

"அவள் செய்துபோட்டு வந்திருக்கிறாள், அண்ணை. நான் பாக்கேல்லை."

திரும்பி வந்ததும் விதிப்படி எச்சரித்தேன்: குற்றத்தை ஏற்றுக்கொள்வதன் விளைவுகள் இவை, யோசித்துச் சொல்லுங்கள். உத்தியோகத்தில் இருந்தபோதும் பிறகுமாக முப்பது வருடம் எச்சரித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் ஏற்றுக்கொண்ட ஒருவரை அன்றுதான் கண்டேன். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். 'அடித்தேன்' என்ற இடத்தில் சங்கத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆசிரியர் கையொப்பம் வைத்தார்.

அறிக்கையில் நான் எழுதியது: ஆசிரியர் மாணவியை அடித்தார். ஒரு வருட சம்பள ஏற்றத்தை நிறுத்தலாம், ஓய்வூதியத்தில் கைவைக்க வேண்டாம், இடமாற்றமும் தேவையில்லை. ஒரு கிழமையில் அலுவலகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. என்னிடம் வேலை பழகிய உத்தியோகத்தர், மரியாதையாகத்தான் கதைத்தார்.

"சேர், அறிக்கை நல்லம். 'அடித்தார்' எண்டது கொஞ்சம் கடுமையாய்க் கிடக்கு. 'உடல்ரீதியான கண்டிப்பை மேற்கொண்டார்' எண்டு மாத்தினால் மேலை அனுப்ப லேசு. அவருக்கும் நல்லது."

"அது அவரின்ரை வாக்குமூலம், தம்பி. வாக்குமூலத்திலை கைவைக்க எனக்கு அதிகாரமில்லை."

விதி அப்படித்தான் சொல்கிறது. விதி வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நான் யோசிக்கப் போகவில்லை.

அறிக்கை அந்தச் சொல்லுடனேயே மேலே போனது. பரிந்துரையை ஏற்றுக்கொண்டார்கள், கொஞ்சம் தாமதித்து. ஒரு சம்பள ஏற்றம் போனது. மிச்ச மாதங்களை அவர் அதே பாடசாலையில் படிப்பித்து முடித்தார்.