நாலரைக்கு முன்னால் ஒரு படம்

அன்றைக்குப் போனவர்கள்: என் மகள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா. என் மனைவி. என் ஸ்கூல் வானை ஓட்ட நான். போட்டோக்காரர் பாமன்கடையிலிருந்து தன் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். பிந்தி வந்தார். மொத்தம் ஆறு பேர்.

வானின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நான் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

மோதிரம் மாற்றி இரண்டு கிழமை ஆகியிருந்தது. கலியாணத்துக்கு முன் வெளியே போய்ப் படம் எடுப்பது இப்போது வழக்கம். ப்ரீ ஷூட் என்கிறார்கள். மகள் பொல்கொட வாவிக்கரையைச் சொன்னாள். அங்கே ஓர் இடத்தில் லொறியில் மணல் கொண்டுவந்து கொட்டிக் கடற்கரை மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வீடு வெள்ளவத்தை. அங்கே ஒழுங்கையில் இறங்கி நடந்தால் கடல். கடலை விட்டுவிட்டு மணல் பார்க்க அவ்வளவு தூரம் ஓட வேண்டுமா என்று கேட்டேன்.

“வெள்ளவத்தைக் கடல்ல பக்கத்துலயே ட்ரெயின் போகும்ப்பா. தொங்கிக்கிட்டுப் போறவன் எல்லாம் என் படத்துல கை காட்டுவான்.”

சரி என்றேன்.

“ரிலாக்ஸா போவோம், ரிலாக்ஸா எடுப்போம், ரிலாக்ஸா வருவோம்” என்றாள்.

நாள் ஞாயிறு. எனக்கு ஸ்கூல் வான் ஓட்டம் இல்லாத நாள். போட்டோக்காரருக்கும் அந்த ஒரு ஞாயிறுதான் இருந்தது. ஐந்திலிருந்து ஆறு வரை வெளிச்சம் தங்கம் மாதிரி விழும் என்று அவர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை இராகு காலம். அது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை போனில் கோல் எடுத்தார்.

“தொடங்கிற நேரம் நல்லா இருக்கோணும், சம்பந்தி. நாலரைக்கு முன்னம் ஒரு படம் எடுத்தாப் போதும். பிறகு இருட்டுமட்டும் எடுக்கட்டும், நான் ஒண்டும் சொல்ல மாட்டன். முன்னம் தொடங்காட்டி ஆறு மணிக்குப் பிறகுதான்.”

ஆறு மணிக்குப் பிறகு வாவியில் கடிக்க நுளம்பு மட்டும்தான் இருக்கும். மகள் குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, எப்படியாச்சும் நாலரைக்கு முன்னாடி கொண்டு போய் விட்ருங்க.”

அவள் என்னிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. நான் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளை மணியடிக்க முன் இறக்கிவிடுகிறவன். விடுகிறேன் என்றேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணிக்கு வானை எடுத்தேன். வெள்ளவத்தையில் அந்த அம்மா கேற்றடியில் தயாராக நின்றார். கையில் பிளாஸ்க். கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தார். சாட்சிக்கு.

இரத்மலானையில் வாகனம் எல்லாம் நின்றுவிட்டது. என்ன காரணம் என்று தெரியவில்லை. என் மனைவி பயம் வந்தால் சாப்பாடு கொடுப்பாள். எல்லோருக்கும் ரோல்ஸ் கொடுத்தாள்.

அந்த அம்மா ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“என்ர கலியாணத்துக்கு ஒரு படமும் இல்லை, தெரியுமோ? ராகு காலத்தில படம் எடுக்கத் தொடங்கினவை. முழு பிலிம் றோலும் வெளிச்சம் பட்டுப் போச்சு. அவரும் இப்ப இல்லை. மாலையோட அவர் எப்பிடி நிண்டவர் எண்டு பிள்ளைக்குக் காட்ட என்னட்ட ஒண்டும் இல்லை.”

மாப்பிள்ளை வெளியே பார்த்தார். நான் ஹோர்ன் அடித்தேன். வேறு என்ன செய்வது? முன்னால் இருந்த பஸ்காரர் தலையை வெளியே போட்டுச் சிங்களத்தில் ஒன்று கேட்டார். அதை இங்கே எழுத முடியாது.

மொறட்டுவை தாண்டியதும் மாப்பிள்ளையின் போனில் இருந்த பெண் குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். மறுபடி இடப்பக்கம். திரும்பினேன். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. ஒரு வீட்டு முற்றம். ஒருவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க வந்திருக்கோம்?” என்றாள் மனைவி.

“மாமி, மெப்பில இதுதான் வாவி” என்றார் மாப்பிள்ளை.

“அந்த உடுப்புக்குப் பின்னாடியா?”

நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் பட்டுச்சேலையில் இருந்த மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். கிழமைக்கு மூன்று கலியாணப் பொம்பிளைகள் தன் முற்றத்துக்கு வருகிறார்கள் என்றார். வழி சொன்னார். அதோடு மாப்பிள்ளையின் போனும் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது.

போய் நிற்கும்போது நாலு இருபத்தாறு.

வாவி இருந்தது. மணல் இருந்தது. போட்டோக்காரர் இல்லை. மகள் தன் போனில் அவரோடு கதைத்தாள்.

“இன்னும் கட்டுபெத்தையிலயா? அண்ணா, நாலு நிமிஷம்தான் இருக்கு! வைக்காதீங்க, வழி சொல்றேன்…”

அந்த அம்மா கலண்டர் தாளை விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி, உங்கட போனில எடுங்கோ. பெரியாக்களின்ர கையால தொடங்கட்டும்.”

என் போனில் எனக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தெரியும். கமெராவை வானில் வரும் பிள்ளைகள்தான் பாவிப்பார்கள். பின் சீட்டில் இருந்து நாக்கை நீட்டித் தங்களையே எடுப்பார்கள். மனைவி கமெராவைத் திறந்து கையில் தந்துவிட்டு, மகளின் சேலையைச் சரிசெய்ய ஓடினாள். நான் வானுக்கு முன்னால் நின்றேன். இரண்டு பேரும் தண்ணீரோரம் நின்றார்கள். மகள் காதில் இருந்து போனை எடுத்தாள்.

“என்னங்க, அமுக்குங்க!” என்றாள் மனைவி.

திரையில் வெயில். வாசிக்கிற கண்ணாடி வீட்டில். ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் தலை என்று நினைத்தேன். அமுக்கினேன். டிக் என்றது.

“எடுத்தாச்சு” என்றேன்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். மனைவி மறுபடி ரோல்ஸ் எடுத்தாள். மகள் ஓடி வந்து போனை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

“அப்பா… இது நீங்க.”

முழுப் படமும் நான்தான். கீழேயிருந்து எடுத்தது. கறுப்பாகத் தெரிந்தது மாப்பிள்ளையின் தலை இல்லை, என் மூக்குத்துவாரம்.

அப்போது நாலு முப்பத்தொன்று.

மாப்பிள்ளை மணலைப் பார்த்தார். மகளின் கண்ணில் தண்ணீர் கட்டியது. மை போட்ட கண். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டார்.

“நேரம் என்ன விழுந்திருக்கு?”

“நாலு இருபத்தொன்பது அம்மா” என்றார் மாப்பிள்ளை.

“நேரம் சரி. ஆள்தான் பிழை.”

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் மூக்கைத் தாண்டினார். கன்னத்தைத் தாண்டினார். காதுக்குப் பின்னால் போய் நின்றார். நாங்கள் நால்வரும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இதென்ன மஞ்சளாத் தெரியுது?”

“வான் கண்ணாடிங்க” என்றேன். “பிள்ளையார்.”

அவர் வானைத் திரும்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கலண்டர் தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தார்.

“பிள்ளையார் முதல்ல வந்து நிண்டிட்டார். இனி என்ன? எடுங்கோ.”

மகள் அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிப்பிடித்தாள். சேலைக்கரை மணலில் புரண்டது. ஒருவரும் ஏசவில்லை.

போட்டோக்காரர் வரும்போது நாலேமுக்கால். ஒன்றும் தெரியாதவர். வந்ததும் வேலையைத் தொடங்கினார். கையைப் பிடி, தோளில் சாய், தண்ணீரில் நட. மாப்பிள்ளையை மகளைத் தூக்கச் சொன்னார். அவர் ஒரு தடவை முயன்றார். பிறகு தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இயல்பாச் சிரிங்க” என்றார் போட்டோக்காரர்.

இரண்டு பேரும் பல்லைக் காட்டினார்கள். பல் வைத்தியரிடம் போன மாதிரி இருந்தது. என் மனைவி போட்டோக்காரருக்குப் பின்னால் போய் நின்று என் போனைத் தூக்கிக் காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுதான்! இந்தச் சிரிப்புத்தான்!” என்று போட்டோக்காரர் கத்தினார். “அன்ட்டி, என்ன காட்டுறீங்களோ தெரியாது, கீழ இறக்காதீங்க!”

ஆறு மணி வரை மனைவி இறக்கவில்லை. கை மாற்றிக் கை பிடித்தாள். வெளிச்சம் தங்கம் மாதிரித்தான் விழுந்தது. நானும் அந்த அம்மாவும் வான் படியில் இருந்து பிளாஸ்க் தேத்தண்ணி குடித்தோம்.

அல்பம் செய்கிற நாள் எல்லோரும் போட்டோக்காரரின் கடைக்குப் போனோம். நானூற்றுப் பன்னிரண்டு படம் என்று சொல்லி பில்லில் எழுதினார் அவர். முதல் பக்கத்துக்கு எதைப் போடுவது என்று கேட்டார். அந்த அம்மா என் போனை வாங்கி நீட்டினார்.

“இதையா? அன்ட்டி, இது போனில எடுத்தது. மூக்குத்தானே தெரியுது!”

“அதுதான் தம்பி முதல் படம். போடுங்கோ. எண்ணிக்கையிலயும் சேருங்கோ.”

போட்டோக்காரர் மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். அவர் பேனையை எடுத்து, எழுதியிருந்ததை வெட்டிவிட்டு மேலே எழுதினார்.

நானூற்றுப் பதின்மூன்று.