முதலில் வந்த நினைப்பு

தையல் தொழிற்சாலையில் தனக்குப் பின்னால் சேர்ந்தவள் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து, காலர் தைக்கும் அக்காவுக்கு வயிறு எரிந்தது. தன் வேலையைப் பறித்துவிடுவாளோ என்ற பயம் வேறு. அந்த சூப்பர்வைசரின் கணவன் விபத்தில் இறந்துவிட்டான் என்று கேட்டதும், ‘இனி அவ வேலைக்கு வரமாட்டா, அந்த இடம் எனக்குத்தான்’ என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பில் அக்காவே ஆடிப்போனாள். நேரே ஆலயத்துக்குப் போய் முழங்காலிட்டாள்.

“இயேசப்பா, சாவுலயும் ஆதாயம் தேடுதே, இந்த மனசு எனக்கு வேண்டாம்.”

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா அந்த சூப்பர்வைசரின் வீட்டுக்குப் போனாள்.

“மூணு வருஷமா உன்மேல பொறாமைப்பட்டேன். மன்னிச்சிடும்மா.”

“தெரியும்க்கா,” என்றாள் அவள். “பிள்ளைங்க நேத்துலருந்து சாப்பிடல. நீங்க கொஞ்சம் ஊட்டி விடுறீங்களா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு பிசைந்தாள். பயம் விட்டிருந்தது, அழுகைதான் விடவில்லை.