பல் வச்ச குழாய்

அப்பா பல்லைப் பார்க்காமல் மாடு பிடிக்க மாட்டார். ஆளுக்கும் அப்படித்தான். அத்தைக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஒவ்வொரு குறை சொல்லித் திருப்பிவிட்டார். ஒருத்தன் சிரிப்பு சரியில்லை. இன்னொருத்தன் சிரிக்கவே இல்லை, அது அதைவிட மோசம்.

அத்தை அப்பாவுக்குத் தங்கச்சி. இதுவும் தட்டிப்போனால் இனி கேட்டு வர ஆளில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் குருவிகுளம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு இமயமலையில் வேலை. பனியை அளக்கிற வேலை.

எங்கள் பக்கம் மழையையே ஒழுங்காகப் பார்த்தவர்கள் கிடையாது. அப்பா சங்கரன்கோவில் கடைத்தெரு முழுக்க விசாரித்தார். அப்படியொரு வேலையை ஒருத்தரும் கேள்விப்படவில்லை. ஒரு போட்டோ அனுப்பினார்கள். சுற்றிலும் வெள்ளை. மாப்பிள்ளை ஒரு வண்டி பக்கத்தில் நிற்கிறார். வண்டிக்குச் சக்கரம் இல்லை. ரெண்டு பக்கமும் அகலமான பட்டைதான்.

"சக்கரமில்லாத வண்டியில, ரோடு இல்லாத ஊர்ல, உருகிப்போற சரக்கை எடை போடுதானாம். என்னைக் கூமுட்டைன்னு நினைச்சானா?" என்றார் அப்பா.

அத்தை அந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை பெண் பார்க்க வருகிற அன்றைக்கே பருத்தி எடுக்க யாவாரியையும் வரச்சொல்லிவிட்டார் அப்பா. சந்தேகப்பட இன்னொரு ஆளும் கூட இருக்கட்டும் என்று.

காலையில் அத்தை குடத்தோடு பருத்தி அறைக்குள் போனாள்.

"எதுக்கு அத்தை தண்ணி?"

"தூசி அடங்கட்டும்னு உங்கப்பா சொன்னாவ. ஓடுட்டி."

அடிப் பருத்தியில் தெளித்துவிட்டு மேலே காய்ந்ததை அள்ளி மூடினாள். தூசி மேலேதானே இருக்கும் என்று கேட்கவந்தேன். ஆள் முகம் சரியில்லை. விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வந்தார். போட்டோவை யாரும் நம்பவில்லை என்று கேள்விப்பட்டிருப்பார் போல. துணியில் சுற்றி ஒரு குழாய் கொண்டுவந்தார். ஆபீஸில் கழித்துப் போட்டதாம். அலுமினியம், ஆள் உயரம். ஒரு நுனியில் ரம்பம் மாதிரிப் பல். பனிக்குள் திருகி இறக்கி, உள்ளே ஏறிய பனியோடு தூக்கித் தராசில் மாட்டினால், வெயில் காலத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணி வரும் என்று சொல்லிவிடலாமாம்.

அப்பா குழாயின் பல்லைத் தடவினார்.

"ராத்திரி சுவத்துல கன்னம் வைக்க நல்ல சாமான்" என்றார். யாவாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு குழாய் சொல்லிரும்" என்றார்.

"செஞ்சு காட்டாம எப்படி வே நம்ப? இங்கன பனிக்கு எங்க போக?"

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை சொன்னாள்: "பருத்தியும் வெள்ளையாத்தான அண்ணே இருக்கு? அதுல குத்திக் காட்டச் சொல்லுங்க."

அப்பா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"தங்கச்சி சொல்லுதது நியாயம். குத்தும் தம்பி" என்று யாவாரி எழுந்துவிட்டார்.

யாவாரிகள் பருத்திக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். முழங்கை மட்டும்தான் போகும். எடை கூட்டுகிற தண்ணி அதற்குக் கீழே இருக்கும். எங்கே இருக்கிறதென்று அப்பாவுக்கும் தெளித்த அத்தைக்கும்தான் தெரியும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மாப்பிள்ளை பருத்திக் குவியலில் குழாயை அடிவரைக்கும் திருகி இறக்கினார். உருவி, பல் பக்கத்தில் விரலை விட்டு ஒரு கொத்தைப் பிடுங்கினார். கை அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை பிறகு அத்தை நின்ற கதவுப் பக்கம் பார்த்தார். கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி, என்ன சொல்லுது குழாய்?" என்றார் யாவாரி.

"இது பனிக் குழாய் அண்ணாச்சி. பருத்திக்குச் சரிப்படாது."

"அப்பமே நினைச்சேன்" என்று யாவாரி உட்கார்ந்துகொண்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, கையைக் கழுவிட்டு வாரும். காப்பி ஆறுது" என்றார். அதுவரைக்கும் யாரையும் அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

இப்போதெல்லாம் பனியை மேலே சுற்றுகிற சாட்டிலைட் பார்த்துக்கொள்ளும் என்கிறார் மாமா. குழாய் அத்தை வீட்டுப் பரணில் கிடக்கிறது.

அன்றைக்கு அவர் கை கழுவப் போகும்போது நான் பின்னாலேயே போனேன். மூடின கையிலிருந்து ஒரு சொட்டு தண்ணி விழுந்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே பனி எடுத்துவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

ஒருத்தியும் நம்பவில்லை.