எக்ஸ்எல் சைஸில் எட்டாத பட்டன்

பனியன் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு செல்ஃபோன் விளையாட்டுக்குத் திரை வரைந்தால் என்ன ஆகும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் அனுப்புங்கள். வயிற்றெரிச்சலோடு விளக்கமாகச் சொல்கிறேன்.

வேலம்பாளையத்தில் எங்கள் முதலாளியின் கம்பெனி. டீ-சர்ட்டில் அச்சடிக்கிற படங்களை வரைவது என் வேலை. ஆர்டர் குறைந்த சமயத்தில், பனியன் வாங்கும் ஏஜென்ட் மூலமாகவே ஒரு வெளிநாட்டுக்காரரின் வேலை வந்து சேர்ந்தது. ஸ்லாட் விளையாட்டு. திரையில் பழமும் மணியுமாக உருளைகள் சுற்றும். ஒரே படம் வரிசையாக வந்து நின்றால் காசு கொட்டும். நிஜக் காசு இல்லை, விளையாட்டுக் காசு. விரலுக்கு வாகாகப் பட்டன்களை எங்கே வைப்பது என்று நான் வரைய வேண்டும். முதலாளிக்கு அது ஆர்டர் புத்தகத்தில் இன்னொரு சட்டை மாதிரி, இன்னொரு ஸ்டைல் நம்பர், அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. என் அண்ணன் நிஜக் காசு ஆட்டமொன்றில் பைக்கைத் தோற்றவர். அண்ணி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், பெரியவர்கள் பேசித் திரும்பி வந்தாள். அதற்கப்புறம்தான் ஆட்டத்தை விட்டார். அந்த நாட்களில் அவரும் இங்கேதான் வேலை பார்த்தார். கம்பெனி பஸ்ஸில் அவர் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன், திரையில் அலைவது கட்டைவிரல் மட்டும்.

இந்த விளையாட்டில் சுற்று பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டால் உருளைகள் தாமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்து பட்டனைத் தொட்டால்தான் நிற்கும். ஆகவே இரண்டையும் அக்கம்பக்கமாக, கட்டைவிரல் சும்மா நகர்ந்தாலே எட்டுகிற மாதிரி வைத்தேன். போதும் என்று ஒருத்தருக்குத் தோன்றுவதே ஒரு நொடி. அந்த நொடியில் விரல் எட்ட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

சின்ன ஃபோனுக்கு வரைந்து கொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, மற்ற சைஸுகளுக்குத் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் கிரேடிங் போட்டுவிடுவார் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. சட்டைக்கு ஒரு சைஸில் பேட்டர்ன் வெட்டி, ஒரு முனையை நகராமல் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் சைஸுக்குச் சைஸ் இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள் இல்லையா, அதே கிரேடிங். மாஸ்டரும் ஸ்கேலை எடுத்துவிட்டார். சுற்று பட்டன் கீழ் மூலையில் நகராத முனை. நிறுத்து பட்டன் சைஸுக்கு இரண்டு விரற்கடை மேலே, ஒரு விரற்கடை பக்கவாட்டில். எக்ஸ்எல் ஃபோன் வரும்போது அது எதிர் மூலையில், உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. நாலு திரையையும் காகிதத்தில் அச்சடித்து, சைஸ் செட் என்று டேக் வேறு குத்தி மேஜையில் பரப்பியிருந்தார்கள். ஃபோனைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"சட்டை பெருசானா உள்ள இருக்கற ஆளும் பெருசுங்க. ஃபோன் பெருசானாலும் கட்டைவெரலு அதேதானுங்க," என்றேன்.

முதலாளி தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வரிசையா வெச்சுப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு அளவா ஏறிப் போகோணும் கண்ணு. எல்லாத்துலயும் ஒரே எடத்துல நின்னா வேலை குடுத்த பையரு திருப்பி அனுப்பிருவான்."

சுவரோடு பேசியிருக்கலாம். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். திட்டி மெயில் வரும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்று காத்திருந்தேன். அந்த மெயிலை நம்பித்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மெயில் வந்தது. பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். பெரிய ஃபோனில் ஆடிப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ரொம்ப நேரம் நிறுத்தாமல் ஆடினார்களாம். சின்ன ஃபோன் உட்பட எல்லாவற்றிலும் நிறுத்து பட்டனை அதே உச்சி மூலைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். முதலாளி ஆளுக்கொரு ஜிலேபி கொடுத்தார். எட்டாததால்தான் நிறுத்தவில்லை என்று அவர் மேஜை முன்னால் நின்று கத்தினேன். பையர் ஓகே சொன்ன பிறகு என்ன கண்ணு என்றார். வரைய மாட்டேன் என்றேன். அதனால் என்ன, மாஸ்டர் நகர்த்திக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜிலேபியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அதுதான் என்னால் முடிந்தது.

விளையாட்டு வெளிவந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தூங்குகிற குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையில் ஃபோனோடு வாசலில் நின்றிருந்தார். திரையில் பழமும் மணியும் சுற்றிக்கொண்டிருந்தன.

"காசில்லாத ஆட்டந்தான, பயப்படாத," என்றார் என் முகத்தைப் பார்த்து. "நீ செஞ்சதுன்னு உங்க முதலாளி சொன்னாரு. நம்ம புள்ள செஞ்சதாச்சேன்னு ஃபோனுல ஏத்துனேன்." குரலில் அத்தனை பெருமை. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் கட்டைவிரலை மேலே நீட்டினார். பாதித் திரைக்கு மேல் போகவில்லை. குழந்தை அசைந்தது, விரலை இறக்கிக்கொண்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நிறுத்தற பட்டனை மட்டும் ஏன் அம்மிணி அங்க கொண்டுபோயி வெச்ச? எட்டவே மாட்டீங்குது."

நானே கை நீட்டி நிறுத்தினேன். உருளைகள் நின்றன. அவர் விரல் சுற்று பட்டன் மேலேயே இருந்தது.