சதுரங்கப்பட்டினத்தில் கடைசிக் கச்சேரி

தோட்டத்துக்கு நடுவே சிறிய இசைக்கூடம். டிசம்பர் மாலை. வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகளில் நானும் தோட்டக்காரர் ஏழுமலையும் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் வீணையோடு ஓர் அம்மாள் அமர்ந்திருக்க, சபாச் செயலாளர் ஆண்டிறுதிச் செய்தியை வாசிக்கிறார்: புத்தாண்டிலிருந்து கச்சேரிகள் சென்னையில்தான்; இங்கே இதுவே கடைசி.

"வீணை பிடிக்குமா?" என்று ஏழுமலையைக் கேட்கிறேன்.

"நமக்கு இன்னா சார் தெரியும்? காலி சேரைப் பாத்துகினு அந்தம்மா வாசிக்கலாமா, அதான் வந்து குந்திகினேன்."

வீணைக் கலைஞர் மைக் இல்லாமல் வாசிக்கிறார். வெளியே சவுக்கு மரங்கள் இரைகின்றன. கடைசியில் மங்களம் வாசிக்காமலே வீணையை உறையிலிடுகிறார்.

"மங்களம்?" என்கிறார் செயலாளர்.

"வாசிச்சா முடிஞ்சுடுமே."

வீணைக் கலைஞரின் கார் போய்விடுகிறது. நான் எழுகிறேன். ஏழுமலை அசையவில்லை.

"மங்களம் ஆவாம எப்டி சார் எய்ந்துக்கிறது?"

நானும் உட்கார்கிறேன்.